முழங்கை மூட்டு மாற்றிய பின் கரைவலை இழுக்கலாமா?

பாம்பனில் கரைவலை இழுக்கும் தங்கள் தந்தைக்கு, முடக்குவாதத்தால் முழங்கை மூட்டு மாற்றப்பட்டபின், 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னது ஏன் எனக் கேட்டிருக்கிறீர்கள்.

முழங்கை எடை தாங்காத மூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது சரியன்று. முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து, 35 செ.மீ. தள்ளியுள்ள உள்ளங்கையில் 5 கிலோவை ஏந்தினால், மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் பற்றியிருக்கும் இருதலைத் தசை (மேற்கையின் பைசெப்ஸ்), நெம்புகோல் விதிப்படி, 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே 30 கிலோ மூட்டின்மீது அழுத்தமாக இறங்கும்.

1970களில் பொருத்தப்பட்ட, கதவுக் கீல்போல ஒரே அச்சில் மட்டும் அசைந்த மூட்டுகள் பல விரைவில் தளர்ந்தன. பக்கவாட்டு விசையும் முறுக்கு விசையும் தணிய வழியின்றி, எலும்புக்கும், செயற்கை மூட்டை அதில் பதிக்கும் சிமென்டுக்கும் இடையிலான பிடிப்பைத் தாக்கின. இரு பாகங்களும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட இன்றைய இணைப்பு மூட்டுகளில், அச்சைச் சுற்றியுள்ள பாலிஎத்திலீன் உள்வளையம் (புஷ்) சில பாகைத் தளர்வு தருவதால், அவ்விசையில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள தசைகள் ஏற்கின்றன.

கரைவலைக் கயிறோ அலை பின்வாங்கும்போதெல்லாம் வெட்டி இழுக்கும். ஒரே சுமையை ஒருமுறை தூக்குவதைவிட இது மோசமானது, புஷ்ஷும் தேயும், எலும்புக்குள் பதித்த மூட்டின் தண்டும் தளரும். வலை பொத்தும் வேலைக்கு 30 முதல் 130 பாகை வரையிலான மடிப்பு பெரும்பாலும் போதும். மருத்துவரைக் கேட்டுவிட்டு அதில் ஈடுபடலாம்.