அடி நசுங்குன படி

அன்புள்ள அண்ணா,
ஊர்ல இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. டெலிகிராம்ல ஹோட்டலுக்கு ரேட்டிங் போடுற பார்ட் டைம் வேலைன்னு நம்பி 42,000 ரூபா போயிருச்சு. ரூம்ல எல்லாரும் 'சரியான வெகுளிடா நீ'ன்னு சிரிக்கிறாங்க. உலக அனுபவம் இல்லாதது அவ்ளோ பெரிய குத்தமா? அது வர என்ன படிக்கணும், எங்க போகணும்?

தம்பி,
படிக்கிறது, போறதெல்லாம் விடு, ஊரெல்லாம் சுத்துனவனும் ஏமாறத்தான் செய்றான். அந்த வெகுளிங்கிற வார்த்தைதான் ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. குறள்ல வெகுளின்னா கோபம், வெகுளாமைன்னு 31-ஆவது அதிகாரமே இருக்கு, கோபத்தோட பேரு கடைசில கோபமே வராத ஆளு மேல வந்து ஒட்டிக்கிச்சு பாரு.

ஆனா நீ அந்த ரகம் இல்ல, கோவிச்சுக்காத. முதல்ல நூத்தம்பது ரூபா நிஜமாவே அக்கவுண்ட்ல விழுந்திருக்கும், அப்புறம் 1,000 கட்டச் சொல்லி 1,300-ஆ திருப்பித் தந்திருப்பான், அந்த முந்நூற பார்த்ததும் உனக்கு நாக்கு ஊறிருக்கும். அதுக்கு பேரு வெகுளி இல்லடா, ஆசை. உங்க ஊர்க்குளத்துல தூண்டில் போட்டு நீ பார்த்ததே இல்லையா?

எனக்குத் தெரிஞ்ச வெகுளி எங்க பெரியம்மாதான். கரிசக்காட்டு ஊரு. தட்டாம்பயறு விக்க ஒரு பாட்டி கூடையோட வரும், அது படியோட அடி உள்ளுக்கு நசுங்கியிருக்கும். தெருவே சண்டை போடும், பெரியம்மா மட்டும் குனிஞ்சுகூட பார்க்காம முந்தானைய ஏந்தி வாங்கிக்கும். 'விவரங்கெட்டவ'ன்னு பெரியப்பாவே சொல்லுவார். பத்தாவது லீவுல போன நான் பெரிய மேதாவி மாதிரி அந்தப் படிய எல்லார் முன்னாடியும் கவுத்துக் காட்டிட்டேன். பாட்டி முகம் செத்துப் போச்சு. பெரியம்மா உள்ள இழுத்துட்டுப் போய் தொடைல ஒரு கிள்ளு, 'ரெண்டு படிக்கு ஒரு ஆழாக்கு குறையும், வீட்டுப் படில அளந்து பார்த்துதான் வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதாக்கும், அந்த ஆழாக்குலதான் அது ராத்திரிக் கஞ்சி குடிக்குது, வந்துட்டாரு கலெக்டரு'ன்னுச்சு.

கண்ணு முன்னாடி நஞ்ச ஊத்துறதப் பார்த்தும் குடிச்சிட்டு அமைதியா இருப்பாங்கன்னு குறள்ல கண்ணோட்டம் அதிகாரத்துல வருதே, அத காலேஜ்ல படிச்சப்ப எனக்கு அந்தக் கிள்ளுதான் வலிச்சுது. பெரியம்மாவுக்கு கையெழுத்துகூட போடத் தெரியாது, மதுரைக்கு ஒத்தையா பஸ் ஏறுனதில்ல. அடுத்த வாரம் பாட்டி வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. லீவு முடியிற வரைக்கும் பெரியம்மா என்கிட்ட முகங்கொடுத்துப் பேசல.

சரி அத விடு. ரூம்காரன் சிரிச்சதெல்லாம் எழுதத் தெரிஞ்ச உனக்கு, சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு போன் போட்டு புகார் குடுத்தியா இல்லையான்னு ஒரு வரி எழுதத் தோணலையே. போட்டியா?