வென்டிலேசன் என்றால் வெறும் ஓட்டையா?

கேள்வி: கிளிநொச்சியில் 10 அடிக்கு 12 அடியில் ஒரு அறை கட்டுகிறோம். மேசன், "யன்னலுக்கு மேல ரெண்டு வென்டிலேசன் வைச்சாக் காணும்" என்கிறார். அந்தச் சொல்லின் பொருள் என்ன? இரண்டு போதுமா?

பதில்: இரண்டும் ஒரே சுவரில் என்றால் போதாது. காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

லத்தீனில் 'வென்டுஸ்' என்றால் காற்று. அதன் வழிவந்த 'வென்டிலாரே' என்ற வினைக்கு விசிறுவது என்றும் தானியம் தூற்றுவது என்றும் பொருள். வன்னியில் தூற்றுவதை விளக்கத் தேவையில்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் பக்கம் பார்த்து, சிறுபோக நெல்லைச் சுளகில் உயரப் பிடித்துச் சரித்தால் மணி காலடியில் குவியும். சப்பியும் தூசும் காற்றோடு அப்பால் போய்விடும். அப்பால் போக இடமில்லாவிட்டால் தூற்றவே முடியாது. அறைக்கும் இதுதான்.

1743இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர், கப்பலுக்கும் சிறைக்கும் மருத்துவமனைக்கும் புதுக்காற்றுச் செலுத்தும் கருவிகளைப் பற்றி நூல் வெளியிட்டபோது, அவற்றை 'வென்டிலேட்டர்' என்றே அழைத்தார். நம்மிடம் அதற்கும் வெகுகாலம் முன்பே 'காலதர்' இருந்தது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. யன்னல் போர்த்துக்கேயச் சொல். வழக்கொழிந்த காலதர்தான் செய்யும் வேலையைச் சரியாகச் சொல்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இனி உங்கள் அறை. தரை 120 சதுர அடி. அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 17 சதுர அடிக்குக் குறையாமல் யன்னல் வேண்டும். 3 அடிக்கு 4 அடி யன்னல் இரண்டு வைத்தால் 24 வரும். தள்ளித் திறக்கும் கண்ணாடி யன்னலில் பாதிதான் திறபடும். கதவு வைத்த யன்னலே நல்லது. ஒன்றைத் தென்மேற்குப் பக்கமும் மற்றதை அதற்கு எதிரேயும் வையுங்கள். சோளகத்துக்கு உள்வழியாக இருப்பது வாடைக்கு வெளிவழியாகிவிடும், ஒரே அமைப்பு இரண்டு காற்றுக்கும் உதவும். வாடை மழையையும் கொண்டுவரும் என்பதால் அந்தப் பக்கம் 2 அடி மழைத்தடுப்பு அவசியம்.

மேல் ஓட்டைகள் சூடேறி எழும் காற்று வெளியேற. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டிரண்டாக நான்கு வையுங்கள். பலரும் பிழைவிடுவது இங்கேதான்: பிறகு சீலிங் அடிக்கும்போது பலகை ஓட்டைக்குக் கீழே வந்துவிடும். ஓட்டை கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியை ஆற்றும், அறை அவியும். சீலிங் மட்டத்தை இப்போதே சுவரில் கோடிட்டு, அதற்கு அரை அடி கீழே ஓட்டை விடச் சொல்லுங்கள். நுளம்பு வலை அடித்தால் மாதம் ஒருமுறை தூசு தட்டவேண்டும்.

மின்விசிறி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது இருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிர மாற்றாது.

கூரை போட்டபின், சுவர் பூச முன்னர், காற்று வரும் யன்னலடியில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை அறையைக் கடந்து எதிர்யன்னலால் போகவேண்டும். நடுவில் தேங்கிச் சுழன்றால் எதிர்ச் சுவரில் வழி போதாது. அப்போது வெட்டிப் பெருப்பிக்கலாம், பூசியபின் இரட்டைச் செலவு.