சட்டத்தில் தொடங்க வேண்டாம்

இந்தியச் சுற்றுச்சூழல் இயக்க வரலாற்றை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கினால் கட்டுரையில் மக்களே வரவில்லை, வேறு எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய உத்தராகண்டின் இமயமலைப் பகுதியில் ஓடும் அலக்நந்தா ஆற்றின் 1970 வெள்ளத்தில் தொடங்கிப் பாருங்கள். மலைச்சரிவில் மரம் வெட்டினால் என்ன ஆகும் என்பதை ஊர்க்காரர்கள் அப்போது கண்ணால் கண்டார்கள். 1973இல் அதே பகுதியின் மண்டல் கிராமத்தில், உழவுக் கருவி செய்ய ஊராருக்குத் தர மறுத்த மரங்களை வனத்துறை விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுக்கும் சிப்கோ இயக்கம் வெடித்தது அங்கேதான். மறு ஆண்டு அதே பகுதியின் ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத நாளில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் காட்டுக்குள் போய் மரம் வெட்ட வந்தவர்களை மறித்து நின்றார்கள். இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுங்கள், இதுதான் கட்டுரைக்கு உயிர். அப்புறம் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலண்ட் வேலி), அங்கே காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை மக்கள் எதிர்த்த கதை. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு வரி போதும்.