நாலு ரசீது, ஒரே ஐந்து லட்சம்

(34 ஆண்டு வங்கியில் இருந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர் வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கணவர் காலமான பின் வந்த 18 லட்சத்தை எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் போட்டிருக்கிறேன். நாலரை லட்சம் வீதம் நாலு எஃப்.டி. ரசீது. இரண்டு மெயின் கிளையில், இரண்டு பஜார் கிளையில். நாலுக்கும் வேறு வேறு நாமினி. "ஒரு ரசீதுக்கு ஐந்து லட்சம் வரை அரசாங்க இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்கிறான் என் தம்பி. அவன் சொல்வது சரியா? எனக்கு வயது 63.
- தென்மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: ஐந்து லட்சம் என்பது சரி அம்மா, ரசீதுக்கு என்பதுதான் தவறு. கணக்கு ஆளுக்கு, வங்கிக்கு. ஒரே வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் எத்தனை கிளையில் எத்தனை ரசீது இருந்தாலும், சேமிப்புக் கணக்கில் கிடப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவார்கள். அசல், வட்டி இரண்டும் சேர்த்துத்தான் ஐந்து லட்சம். ஆகவே உங்கள் 18 லட்சத்தில் காப்பீடு உள்ளது ஐந்துக்கு மட்டும். வங்கி மூடப்பட்டால் மிச்சம் 13 லட்சத்துக்கு, அதன் கடன்களை வசூலித்து, சொத்தை விற்று வருவதில் என்ன கிடைக்கிறதோ அதுதான். அதற்குப் பல வருடம் ஆகலாம்.

நாமினியால் இதில் ஒன்றும் மாறாது. நாமினி உங்களுக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான்.

உங்கள் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். எஃப்.டி. வட்டிக்கு வரி பிடிப்பதை 2015 வரை கிளைவாரியாகத்தான் பார்த்தார்கள். அதனால் இந்தக் கிளையில் கொஞ்சம், அந்தக் கிளையில் கொஞ்சம் என்று பிரித்துப் போட நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வரிக்குச் சொன்னது காப்பீட்டுக்கும் பொருந்தும் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 1993-ல் இந்த வரம்பு 30,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தபோது கிளைக்கு சர்க்குலர் வந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு வாடிக்கையாளர்கூட இதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் யாருக்கும் சொன்னதில்லை. வந்த டெபாசிட்டைப் பக்கத்து வங்கிக்குப் பிரித்துப் போடுங்கள் என்று எந்த மேலாளர் சொல்வார்?

சரி, இப்போது என்ன செய்யலாம்? பதறிப்போய் நாலையும் ஒரே நாளில் உடைக்க வேண்டாம், முன்கூட்டி உடைத்தால் வட்டியில் பிடிப்பார்கள். எது முதலில் முதிர்கிறதோ அதிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். உங்கள் வயதுக்குத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். தபால் நிலையப் பணத்துக்கு மத்திய அரசே நேரடிப் பொறுப்பு என்பதால் அங்கே இந்த ஐந்து லட்சக் கணக்கே கிடையாது. மிச்சத்தை இரண்டு வங்கிகளில், வட்டி சேர்ந்தாலும் ஐந்தைத் தாண்டாதபடி, நாலேகால் நாலேகாலாக வையுங்கள்.

அதே வங்கியிலேயே வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. உங்கள் தனிப் பெயரில் ஐந்து; நீங்களும் மகளும் சேர்ந்த கூட்டுக் கணக்கில் ஐந்து; மகள் பெயர் முதலில், உங்கள் பெயர் அடுத்து என்று வரிசை மாற்றித் திறந்த கணக்கில் இன்னொரு ஐந்து. பெயர் வரிசை மாறினால் தனிக் கணக்காகப் பார்ப்பது விதியிலேயே இருக்கிறது. ஆனால் வட்டிக்கான வரி முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில் விழும். மகளிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் மருமகன் வருத்தப்படப் போகிறார்.

கேள்வி: எங்கள் கிராமத்து சொசைட்டியில் மூன்று லட்சம் வைத்திருக்கிறேன். அதுவும் கூட்டுறவுதானே, அதற்கும் இது உண்டா?
- டெல்டா விவசாயி ஒருவர்

பதில்: இல்லை. ஊரில் "சொசைட்டி பேங்க்" என்று சொன்னாலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் காப்பீட்டுக்குள் வராது. அதற்கு மேலே இருக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வரும். நகரக் கூட்டுறவு வங்கியும் வரும். நிதி நிறுவனம், சீட்டு கம்பெனி, நகைக்கடைச் சீட்டு எதுவும் வராது. உங்கள் சங்கம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பயிர்க் கடனுக்கு அதைவிட்டால் வேறு எங்கே போவது? ஆனால் மகள் கல்யாணப் பணத்தை வைக்கும் இடம் அதுவல்ல.

என் சித்தப்பா தொண்ணூறுகளில் பவானிக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். ஏ.சி. போட்ட ஆபீஸ், கண்ணாடிக் கதவு, போனதும் குளிர்பானம். வங்கி மாதிரியே இருந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி: இந்த இன்ஷூரன்ஸுக்கு நாங்கள் பிரீமியம் கட்ட வேண்டுமா? விண்ணப்பம் ஏதாவது உண்டா?
- சேலம் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டி.ஐ.சி.ஜி.சி. என்ற கழகத்துக்கு உங்கள் வங்கியே கட்டுகிறது. நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 பைசா வரை. உங்களிடம் கேட்கவும் கூடாது. யாராவது போன் செய்து "டெபாசிட் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும்" என்றால், பேசாமல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: வங்கி திவாலானால் பணம் வர எத்தனை வருடம்?
- மதுரை வாசகி

பதில்: முன்பு கேட்டிருந்தால் பெருமூச்சுதான் விட்டிருப்பேன். இந்தக் காப்பீடு பிறந்ததே ஒரு வங்கி மூழ்கியதால்தான். 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது. அந்த அடியில் சட்டம் வந்து, 1962 ஜனவரி 1-ல் காப்பீடு தொடங்கியது. அன்று வரம்பு 1,500 ரூபாய். ஆனால் வங்கியின் உரிமம் ரத்தாகி, மூடும் வேலை தொடங்கினால்தான் பணம் என்றிருந்தது. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்குத் தடை வந்தபோது, ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் அறிவித்தார்கள். அங்கே கிடைத்த வசைகளுக்குப் பிறகு இரண்டு மாற்றம் வந்தது. 2020 பிப்ரவரி 4 முதல் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்தானது. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டால் அன்றிலிருந்து 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்றாக்கினார்கள்.

அதில் முதல் 45 நாளுக்குள், யாருக்கு எவ்வளவு டெபாசிட் என்ற பட்டியலை உங்கள் வங்கி அந்தக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்களும் விருப்பக் கடிதம், அடையாளச் சான்று, வேறொரு வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொடுத்தாக வேண்டும். பழைய போன் நம்பரையும் பழைய விலாசத்தையும் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லா வங்கியும் இந்த இடம்வரை போவதில்லை. நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ல் தடை, 25,000 ரூபாய் வரம்பு. 27-ம் தேதியே டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட்காரர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் எல்லாம் போனது.

கேள்வி: ஒரே வங்கியில் ஆறு லட்சம் டெபாசிட்டும் இரண்டு லட்சம் நகைக்கடனும் உண்டு. எனக்கு ஐந்து கிடைக்குமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: நாலு. கடனைக் கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. கழித்த பிறகு உள்ளதற்குத்தான் காப்பீடு.

கேள்வி: லாக்கரில் உள்ள நகைக்கும் ஐந்து லட்சமா?
- சென்னை வாசகி

பதில்: அதற்கு இந்தக் காப்பீடு இல்லை. வங்கி மூடினாலும் நகை உங்களுடையதுதான், திறந்து எடுத்துக்கொள்ளலாம். தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும் என்பது 2022 முதல் விதி. வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை சவரன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு மனசு வரவில்லை.