நாணயத்தில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அது விலைமதிப்புள்ள அச்சுப் பிழையா?

அச்சுப் பிழை என்பது நாணயச் சாலையை விட்டு வெளியேறும் முன்பே நாணயத்தில் நேர்ந்துவிட்ட குறை. பிறகு புழக்கத்தில் பட்ட சேதம் அதில் சேராது. இதற்குத் தெளிவான சான்று, 1955-இல் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்ட அமெரிக்க ஒரு சென்ட் நாணயம்.

அக்காலத்தில் நாணயம் அடிக்கும் எஃகு அச்சு, மூல அச்சை அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தியே உருவாக்கப்பட்டது. மறுமுறை அழுத்தியபோது இம்மியளவு திரும்பியிருந்ததால், ஆண்டு எண்ணும் ‘லிபர்ட்டி’ என்னும் சொல்லும் அச்சிலேயே இரண்டிரண்டாகப் பதிந்துவிட்டன.

அலுவலக ரப்பர் முத்திரையை நினைத்துப் பாருங்கள். ரப்பரிலேயே எழுத்து இரட்டையாக வெட்டப்பட்டிருந்தால் எல்லாத் தாள்களிலும் அப்படியே விழும். அழுத்தும்போது கை நழுவினால் அந்த ஒரு தாளில் மட்டும் எழுத்து இழுபடும். நாணயத்திலும் எந்திர நழுவலால் வரும் இரட்டிப்பு தட்டையாக, படிக்கட்டு போலத் தெரியுமே தவிர, இரண்டாம் எழுத்து முழு உருவம் பெறாது. இதற்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைப்பதில்லை.

மேற்சொன்ன 1955 நாணயம் ஏறத்தாழ 20,000 புழக்கத்தில் கலந்தும், தேய்ந்த ஒன்றே ஆயிரம் டாலருக்கு மேல் விற்கக் காரணம், பிழை வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிவதும் அதைத் தேடுவோர் மிகுதியாக இருப்பதும்தான். போலிகளும் உலவுவதால் நிபுணர் சான்று அவசியம். தயவுசெய்து நாணயத்தைத் தேய்த்துத் துலக்காதீர்கள், அது மதிப்பைக் குறைத்துவிடும்.

அதே ஆண்டின் சென்ட்களில் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிபவை, பலர் எண்ணுவதுபோல அந்த அரிய நாணயம் அல்ல. அவை தேய்ந்துபோன அச்சால் அடிக்கப்பட்டவை.