கறுப்புக் கதவும் ஒடியல் கூழும்

வணக்கம் அண்ணை,

யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் இருக்கும் எங்கள் வீட்டை விற்க முடிவெடுத்திருக்கிறோம். மார்கழி விடுமுறைக்கு நான், அண்ணா, தங்கச்சி மூவரும் பிள்ளைகளோடு வருகிறோம். தைப்பொங்கல் முடிந்து இரண்டு கிழமையில் திரும்ப வேண்டும். அதற்குள் பெயின்ற் அடித்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது திட்டம். முன்கதவுக்குக் கறுப்பு அடித்தால் வீடு கூடிய விலைக்குப் போகும் என்று ஓர் அமெரிக்க ஆய்வை அண்ணா அனுப்பியிருக்கிறார். தங்கச்சி உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம்தான் என்கிறா. அம்மாவோ, "நிறத்தை நீங்கள் பாருங்கோ, எல்லாரும் வந்தால் நான் கூழ் காய்ச்சி, பலகாரம் சுட்டு, முற்றத்தில பொங்க வேணும்" என்று நிற்கிறா. புதுப் பெயின்ற் அடித்த குசினியில் விறகடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? மீன் மணக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? அம்மாவை எப்படித் தடுப்பது?

ரொறன்ரோவில் இருந்து
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவை விடுங்கள். தடுக்க வேண்டியது பெயின்ற்காரரைத்தான், குறைந்தது மாசி நடுப்பகுதி வரைக்கும்.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுகிறது. நீங்கள் வந்து இறங்கும்போது சுவர் அத்தனையையும் குடித்துவிட்டு நிற்கும். வீடு எந்தக் காலத்தது என்று எழுதவில்லை. விறகடுப்புக் குசினி என்பதால் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றே வைத்துக்கொள்கிறேன். சந்தேகமென்றால் ஈரக் கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள், வெள்ளை கையோடு வந்தால் சுண்ணாம்பு. அதைச் சுரண்டாமல் மேலே எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ற்) அடித்தால் பெயின்ற் சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்புத் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரப் பார்க்கும்போது கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், கடைசியில் பொரித்த அப்பளம்போல் உடைந்து விழும். பங்குனி வெயிலில் காய்ந்த சுவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்போது நீங்கள் கனடாவில் இருப்பீர்கள் என்பது தெரியும். நிறத்தைத் தேர்ந்துவிட்டுப் போங்கள், அடிப்பதை அம்மா நின்று பார்த்துக்கொள்வா.

குசினியைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் எனக்குச் சொந்தக் காசில் கிடைத்த அனுபவம் இருக்கிறது. சின்னம்மாவின் வீட்டை விற்க நின்ற நேரம், குசினிச் சுவரில் முப்பது வருடப் புகை. பெயின்ற்காரர், "கழுவ வேணும் ஐயா, ரெண்டு நாள் கூடப் பிடிக்கும்" என்றார். நான்தான் அவசரப்பட்டேன். "அடியுங்கோ, ரெண்டு கோட்டில மறையும்." மறைந்தது. பத்தாம் நாள் மேல்மூலையில் தேத்தண்ணி சிந்தியதுபோல ஒரு மஞ்சள் படலம். மூன்றாவது கோட் அடித்தோம், அதையும் தாண்டி வந்தது. வீடு பார்க்க வந்தவர் சாமியறையைப் பார்க்கவில்லை, புதிதாகப் போட்ட யன்னலைப் பார்க்கவில்லை. குசினியில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஓடு ஒழுகுதோ?" என்றார். இல்லை, புகை என்றேன். "ஓம், ஓம்" என்றார். அடுத்த நாள் தரகர் குறைந்த விலையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

தண்ணீரில் கலக்கும் பெயின்ற் அந்தப் புகைப்பிசினைக் கரைத்து மேலே இழுத்துவிடும். அதனால்தான் எத்தனை கோட் அடித்தாலும் வரும். முதலில் காய்ந்த தும்புத்தடியால் கரியைத் தட்ட வேண்டும், முதலிலேயே ஈரம் பட்டால் அப்பிக்கொள்ளும். பிறகு சவர்க்காரத்தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒயில் பிறைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட். அதற்கு மேல்தான் நிறம். எப்படியும் கழுவத்தான் போகிறீர்கள், ஆகவே அம்மா இன்னும் ஒரு மாதம் விறகு எரித்தாலும் பலகாரச் சட்டியின் எண்ணெய்ப்புகை படிந்தாலும் வேலை கூடப்போவதில்லை.

சரி, கறுப்புக் கதவு. அண்ணா அனுப்பியது சில்லோ (Zillow) என்ற அமெரிக்க வீட்டு விற்பனை இணையத்தள நிறுவனத்தின் 2018 ஆம் ஆண்டுக் கணக்காக இருக்க வேண்டும். கறுப்பு அல்லது கரி நிற முன்கதவு உள்ள வீடுகள் எதிர்பார்த்ததைவிட 6,271 டொலர் வரை கூடுதலாக விற்றன என்று சொன்னது அது. அமெரிக்காவில் விற்ற வீடுகளின் படங்களை வைத்துப் போட்ட கணக்கு. கதவுக்குக் கறுப்பு அடிக்கிற ஆள் குளியலறையையும் குசினியையும் சும்மா விட்டிருப்பாரா என்று ஒரு கேள்வி எனக்கு உண்டு. அதை விடுங்கள். இங்கே விசேஷ நாட்களில் அந்தக் கதவு நிலைக்குத்தான் மஞ்சளும் சந்தனமும் வைக்கிறோம், மாவிலை கட்டுகிறோம். வீடு பார்க்க மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறவரிடம் கறுப்புக் கதவைக் காட்டி 6,271 ரூபாய்கூட வாங்க முடியாது. பழைய கதவு என்றால் அநேகமாகத் தேக்கு, பாலை, வேம்பு இதில் ஒன்றாக இருக்கும். பழைய பெயின்றைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் போதும்.

தங்கச்சியின் சாம்பல் நிறத்தில் பிழை சொல்ல மாட்டேன், அங்கே அது அழகாகத்தான் இருக்கும். இங்கே தரையைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தரைதான் அதிகம். விறாந்தையால் வருகிற வெயில் அந்தச் சிவப்பில் பட்டுத்தான் சுவருக்கு ஏறும். சாம்பல் நிறம் அந்த வெளிச்சத்தில் கத்தரிப்பூவுக்கும் அழுக்குக்கும் இடையில் ஏதோ ஒன்றாகத் தெரியும். கடையில் தரும் சின்ன அட்டையை நம்பாதீர்கள். காற்படி பெயின்ற் வாங்கி, காய்ந்த சுவர் ஒன்றில் இரண்டடிச் சதுரமாக அடித்து, காலை ஏழு மணிக்கு ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், இரவில் லைற் போட்டு ஒருக்கால் பாருங்கள். மூவரும் ஒன்றாக நின்று பார்த்தால் வட்ஸ்அப்பில் நடக்கிற சண்டையில் பாதி குறையும்.

என்னைக் கேட்டால், உள்ளே எல்லா அறைக்கும் மஞ்சள் கொஞ்சம் கலந்த வெள்ளை, ஒரே நிறம். வெளியே அதைவிடச் சற்றுக் கடுமையான சந்தன நிறம். தூய வெள்ளை வேண்டாம், உரும்பிராய்ச் செம்மண் ஒரு மழைக்கு முழங்கால் உயரம் தெறிக்கும். நிலத்திலிருந்து இரண்டடிக்குக் காவி அடித்துவிடுங்கள். அந்தக் கால மனிதர் கீழே கடும் நிறத்தில் பட்டை அடித்தது அலங்காரத்துக்காக மட்டுமல்ல.

இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் நிறத்துக்காகப் பெருஞ்செலவு செய்யாதீர்கள். வாங்குகிறவர் குடிபூர முன்னம் தன் விருப்பத்துக்கு எப்படியும் ஒருமுறை அடிப்பார். அவர் முதலில் போகும் இடம் கிணத்தடி. ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்ப்பார். நல்ல தண்ணியா, சவரா? பிறகு எத்தனை பரப்பு, ஒழுங்கையால் வாகனம் வருமா, வாசல் எந்தத் திசை, காணி உறுதி (பத்திரம்) சுத்தமா. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குகிற காசு சுவரில் போகிற காசைவிடப் பிரயோசனமானது. உறுதி விஷயத்தில் இன்னொன்று. வீடு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டதென்றால், 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு உரிமையாளர்களுக்கும், விற்கிறவருக்கு வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு விற்குமுன் தாங்களே வாங்குகிற உரிமை, இருக்கிறது. வீடு அம்மாவின் பெயரில் என்றால் நீங்கள் மூன்று பேரும் அதற்குள் வரக்கூடும். ஒருவர் மனம் மாறினால் அதைத் தரகர் வருமுன் சொல்லிவிடுவது நல்லது. நிற்கிற நாட்களுக்குள் உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் மூவருமாகப் போய் வாருங்கள்.

இனிக் கூழ். மணத்துக்கு நீங்கள் பயப்படுவது விளங்குகிறது. வீடு காட்டும் நாளில் மீன் சமைக்காதே, கேக் வேகவைத்து மணக்கவிடு என்று உங்கள் ஊர்த் தரகர்கள் சொல்வார்கள். அம்மாவிடமும் அந்தக் கேக் இருக்கிறது. பயித்தம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கிற மணம் படலை வரைக்கும் வரும், ஆட்கள் வருகிற நாளில் அதைச் செய்யச் சொல்லுங்கள். கூழை ஆட்கள் வராத நாளுக்கு வையுங்கள். திருவெம்பாவை நாட்களும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அது அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் தங்கச்சியும் சும்மா நிற்காமல் ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கு மா) ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை வார்த்துவிடுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். நண்டும் இறாலும் மீன்தலையும் அவிந்து, பயித்தங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் பதமான பிறகு, கரைத்த மாவையும் புளியையும் விட்டுக் கிண்டுகிற கை மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுக்காதீர்கள், பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுங்கள். சட்டைக்குச் சிந்தும், சுவருக்கும் தெறிக்கும். தெறிக்கட்டும், மாசியில் கழுவத்தானே போகிறீர்கள்.

எந்த நாள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எங்கள் வளவில் பிலா நிற்கிறது. இலை நான் ஆய்ந்துகொண்டு வருகிறேன்.