வானிலிருந்து எண்ணப்படும் வாத்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியோரியா நகரில் வசிக்கிறேன். என்னுடன் பணிபுரிபவர்களில் பலர் வாத்து வேட்டைக்குச் செல்பவர்கள். செப்டம்பர் பிறந்ததும் இல்லினாய் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாராந்திர வாத்துக் கணக்கெடுப்பை ஆவலுடன் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இம்முறை தொடக்க வாரங்களின் எண்ணிக்கை நன்றாக இருந்ததால் பெரும் உற்சாகம் நிலவியது. ஆனால் வேட்டைப் பருவம் திறந்த வாரத்தில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். வேட்டை உரிமம் விற்பதற்காக எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். பறவைகளின் வலசை குறித்துத் தாங்கள் தொடர்ந்து எழுதிவருவதால் கேட்கிறேன். அந்தக் கணக்கை நம்பலாமா? நம்பலாம் என்றால் வாத்துகள் எங்கே போயின?

ஒரு வாசகர், பியோரியா

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கை நம்பலாம். அது சொல்லாத ஒன்றை உங்கள் நண்பர்கள் அதில் வாசித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்குத் தெற்கே ஹவானாவில், 1894இல் தொடங்கிய ஓர் ஆற்று ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் வழியாக, இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தைச் சேர்ந்த பிராங்க் பெல்ரோஸ் 1948இல் முறைப்படுத்திய வான்வழிக் கணக்கெடுப்புதான் உங்கள் நண்பர்கள் வாசிப்பது. சிறிய விமானம் ஒன்றில் தாழப் பறந்தபடி, இல்லினாய், மிசிசிப்பி ஆறுகளை ஒட்டிய அதே ஏரிகளையும் சரணாலயங்களையும் வாரந்தோறும் பார்த்து, ஒவ்வொரு நீர்நிலையிலும் எந்த இனம் எவ்வளவு என்று ஓர் உயிரியலாளர் கண்ணால் மதிப்பிடுகிறார். மாநிலத்தில் உள்ள எல்லா வாத்துகளையும் எண்ணிவிட்டதாக அவர் சொல்வதில்லை. வில்லோ மரங்களுக்கு அடியில் ஒதுங்கும் மரவாத்துகளில் பெரும்பகுதி மேலிருந்து தெரியவே தெரியாது. ஒரே வழித்தடத்தில் ஒரே முறையில் பல பத்தாண்டுகள் பார்த்து வருவதால், இந்த ஆண்டை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடிகிறது என்பதே அதன் பயன்.

இனி வாத்துகள் எங்கே போயின என்பதற்கு வருகிறேன். தொடக்க வாரங்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தவர்கள், அதன் கீழே இனவாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பதையும் பார்த்திருக்க வேண்டும். செப்டம்பரில் அந்த ஏரிகளில் பெருங்கூட்டமாக இருப்பவை நீலச்சிறகுக் கிளுவைகள். பகல் குறையத் தொடங்கியதுமே புறப்பட்டுவிடும் இனம் அது. முதல் குளிர் தட்டுவதற்குள் மெக்சிகோ வளைகுடாவை நோக்கிப் போய்விடும், ஒரு பகுதி தென் அமெரிக்கா வரைக்கும்கூடச் செல்லும். அதற்கென்று தனியாகச் செப்டம்பரில் ஒரு சிறு வேட்டைப் பருவம் வைத்திருப்பதே இதனால்தான். அடுத்து ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கருவால் வாத்து, பச்சைச்சிறகுக் கிளுவை ஆகியவை வருகின்றன. (ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் அதே இனங்கள்தான்.) ஆனால் உங்கள் நண்பர்கள் காத்திருப்பது பச்சைத்தலை மல்லார்டுக்காக. அது அவசரப்படுவதில்லை. வடக்கு மாநிலங்களான டகோட்டாக்களிலும் மினசோட்டாவிலும் நீர் உறையாமல், அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களில் சிந்திக் கிடக்கும் மணிகள் பனிக்கு அடியில் புதையாமல் இருக்கும்வரை, தெற்கே வரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மிசௌரி மாநிலத்து எண்ணிக்கைகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வொன்று, வெப்பநிலை, தொடர்ந்து உறைபனி நீடித்த நாள்கள், பனியின் ஆழம், பனி தரையை மூடியிருந்த நாள்கள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் மல்லார்டின் நகர்வு விளங்குகிறது என்று காட்டியது. ஆக, அக்டோபர் இறுதியில் பருவம் திறக்கும்போது கிளுவைகள் கடந்து போயிருப்பதும் மல்லார்டு பெருமளவில் வந்து சேராதிருப்பதும் இயல்பானவை. செப்டம்பரில் எண்ணப்பட்டவை ஒரு கூட்டம், நவம்பரில் எதிர்பார்க்கப்பட்டவை வேறொரு கூட்டம்.

வானிலை திடீரென மாறினால் கதையே வேறு. 1995 நவம்பரின் தொடக்கத்தில், கனடாவிலிருந்து இறங்கிய கடுங்குளிரோடு வட அமெரிக்கச் சமவெளி முழுவதிலும் இருந்த வாத்துகள் ஒரே நேரத்தில் கிளம்பியபோது, ஒமாஹா, கன்சாஸ் சிட்டி ஆகிய இடங்களில் விமான நிலைய ரேடார்கள் பறவைகளால் நிறைந்து விமானப் போக்குவரத்தே தடுமாறியது. அதை எந்த அக்டோபர் எண்ணிக்கையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்கள் யோசிக்க வேண்டும். இரண்டு வாரங்களில் ஒரே எண்ணிக்கை பதிவானால், அதே பறவைகள் அங்கேயே தங்கியிருக்கலாம், அல்லது அவை அனைத்தும் போய்ப் புதியவை அதே அளவில் வந்திருக்கலாம். விமானத்திலிருந்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. வேட்டைக்காரருக்கோ இரண்டும் முற்றிலும் வேறான வாரங்கள். அங்கேயே தங்கிவிட்ட வாத்து, வேட்டைக்காரர்கள் ஈர்ப்பதற்காக வைக்கும் பொம்மை வாத்துகளையும் ஊதும் குழல் ஓசையையும் சில நாள்களில் அடையாளம் கண்டுகொள்ளும். பகலெல்லாம் சௌடாகுவா போன்ற சரணாலயத்தின் நடுநீரில் இருந்துவிட்டு, சுடுவதற்கு அனுமதி முடியும் சூரிய மறைவுக்குப் பிறகே இரைதேடக் கிளம்பும். அதே வாத்துதான் காலையில் விமானத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதனால் எண்ணிக்கை உயர்ந்திருப்பதும் வேட்டை மறைவிடம் வெறிச்சோடுவதும் ஒரே வாரத்தில் நடக்கும், இரண்டும் உண்மையாகவே இருக்கும். இளம் பறவைகளின் பங்கும் மேலிருந்து தெரிவதில்லை. வாத்துகள் குஞ்சு பொரிக்கும் வடக்குப் புல்வெளிக் குட்டைகள் வசந்தத்தில் வறண்டிருந்தால், அந்த ஆண்டு தெற்கே வருபவை பெரும்பாலும் அனுபவம் மிக்க முதிர்ந்த பறவைகள், எளிதில் ஏமாறாதவை.

உரிமம் விற்பதற்காகக் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு வருத்தமளிக்கிறது. இந்தக் கணக்கை எடுப்பது பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஓர் ஆய்வு நிறுவனம். பத்தாண்டுச் சராசரிக்குக் கீழே எண்ணிக்கை விழும் வாரங்களையும் அவர்கள் அதே பக்கத்தில் வெளியிடுகிறார்கள். மேலும் எத்தனை நாள் வேட்டை, ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை பறவை என்பவை இந்த இலையுதிர்காலக் கணக்கால் தீர்மானிக்கப்படுவதில்லை. 1955 முதல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து இனப்பெருக்கக் காலத்தில் நடத்திவரும் பெரிய கணக்கெடுப்பே அதற்கு அடிப்படை. அந்தக் கணக்கு 2024இல் ஏறத்தாழ 3.4 கோடி வாத்துகளைக் காட்டியது. அந்த ஆண்டில் மல்லார்டு நீண்டகாலச் சராசரிக்குக் கீழேதான் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

நான் வேட்டையாடுபவன் இல்லை, வேட்டையை விரும்புபவனும் இல்லை. இருந்தாலும், 1934 முதல் வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வாங்கிவரும் ‘வாத்து முத்திரை’ என்ற மத்திய அரசு வில்லையின் பணத்தில் ஏராளமான சதுப்பு நிலங்கள் வாங்கிக் காக்கப்பட்டிருப்பதை நான் மதிக்கிறேன். அந்த மனிதர்கள் கணக்கின்மேல் நம்பிக்கை இழந்தால் இழப்பு வாத்துகளுக்குத்தான். ஆகவே அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். மொத்தத்தை விட்டுவிட்டு மல்லார்டு என்ற ஒரு வரியை மட்டும் வாராவாரம் பார்க்கச் சொல்லுங்கள், அதோடு மினசோட்டாவின் பனிநிலவரத்தையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு கரைபுரண்டால் வாத்துகள் எண்ணப்படும் ஏரிகளை விட்டு, நீர் சூழ்ந்த வயல்களுக்குச் சிதறிவிடும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சுட்ட வாத்தின் ஒரு சிறகை அனுப்பக் கேட்டு மத்திய மீன், வனவிலங்குத் துறையிடமிருந்து அஞ்சல் உறைகள் வரும் வேட்டைக்காரர்கள் உங்கள் நண்பர்களிலும் சிலர் இருக்கலாம். அந்தச் சிறகுகளை வைத்துத்தான், விமானத்திலிருந்து தெரியாத வயதையும் பாலினத்தையும் உயிரியலாளர்கள் கண்டறிகிறார்கள். பருவம் சரியில்லை என்ற கோபத்தில் பலர் அந்த உறைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு வாத்துதான் கிடைத்தது என்றாலும் அதன் சிறகை அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்
ஆசிரியர்